பச்சைப் பென்சில் கோடுகள்

பிரபு,

இந்தக் கடிதத்தோடு ஒரு புத்தகமும் இருக்கும். பழைய நாவல். அட்டை கிடையாது, முதல் சில பக்கங்களும் கிடையாது. பார்த்த உடனே உனக்கு அடையாளம் தெரிந்துவிடும். எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ வீடு முழுக்கத் தேடிய புத்தகம் இதுதான். பழைய பேப்பரோடு போயிருக்கும் என்று நான் சொன்னேன். நீயும் நம்பி, பேப்பர்க்காரர் கடைக்குப் போய், கட்டுக் கட்டாகப் பிரித்துப் போட்டு ஒரு மணி நேரம் தேடிவிட்டு, உடம்பெல்லாம் தூசியோடு திரும்பி வந்தாய். அப்போது அது என் டிரங்குப் பெட்டியில், ஸ்வெட்டருக்கு அடியில் இருந்தது. நீ குளிக்கத் துண்டு எடுத்துக் கொடுத்தவனும் நான்தான்.

நீ இருக்கிற ஊரப்பாக்கத்துக்கும் நம் செங்கல்பட்டுக்கும் நடுவே அரை மணி நேர ரயில். இதற்குப் போய் ஒரு மனுஷன் கடிதம் எழுதுவானா என்று நீ நினைக்கலாம். நேரில் சொல்லத்தான் பார்த்தேன். போன ஞாயிறு நீ வந்திருந்தபோது இரண்டு தரம் தொண்டையைச் செருமினேன். "சளி புடிச்சிகீதாப்பா?" என்று கேட்டுவிட்டு நீ வெந்நீர் வைக்கப் போய்விட்டாய். உன் அம்மாதான், "எழுதிக் குடுங்க. நேர்ல பேசினா பாதியில உங்களுக்குக் கோவம் வந்துடும். தப்பு உங்களுதா இருந்தாலும் அவனத்தான் திட்டுவீங்க" என்றாள். முப்பத்தைந்து வருஷம் கூட இருந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

படாளத்துக்குப் பெண் பார்க்கப் போனோமே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். அன்றைக்குப் பெரியவர்கள் எல்லோரும், புதிதாகப் போட்ட போர்வெல்லைப் பார்க்கிற சாக்கில் வெளியே நகர்ந்தோம். நீங்கள் இருவரும் பேசட்டும் என்று. நான் மட்டும் ஜன்னலுக்கு அடியில் செருப்பு மாட்டுகிறவன்போலக் குனிந்துகொண்டே இருந்தேன். உன் அப்பனின் புத்தி உனக்குத் தெரியாததா? அந்தப் பெண் சுற்றி வளைக்காமல் கேட்டாள், "உங்களுக்கு இதுல இஷ்டங்களா?" என்று. நீ, "அப்பாவுக்கு இஷ்டம்" என்றாய். "நான் உங்களத்தான் கேட்டேன்" என்றாள். நீ, "அவருக்குச் சரின்னா எனக்கும் சரிதாங்க" என்றாய். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகிற சத்தம் கேட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில், வழியில் ஒரு ஏரி தளும்பிக்கொண்டிருப்பதைக் காட்டினேன். நீ பார்த்தாய். "ம்" என்றாய்.

எந்த அப்பனுக்கும் இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். என் பேச்சைத் தட்டாத பிள்ளை. கையில் கிடைத்த அன்றைக்குத்தான் எனக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று பார்த்தேன். சின்ன வயதில் பிடிக்காத சட்டையைப் போடச் சொன்னால் தரையில் புரண்டு அழுத பையன், கல்யாணத்துக்கு "அவருக்குச் சரின்னா சரி" என்கிறான். இதை யார் செய்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

அமலியை நான் முதலில் பார்த்தது மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில். நான் வேலை முடிந்து ஆபீஸ் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நீங்கள் இருவரும் நின்றுகொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தீர்கள். அவள் ஏதோ சொல்ல, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்படி நீ சிரித்து வீட்டில் நான் பார்த்ததே இல்லை. பார்த்து சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. விசாரித்தேன். உன்னோடு கல்லூரியில் படித்தவள், கோவளம், அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா பஸ் நிறுத்தத்தில் டிபன் கடை வைத்திருக்கிறார், ஞாயிறானால் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம் என்று தெரிந்தது. சாதி, மதம் என்றெல்லாம் நான் வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னவன் இல்லை. சொல்லாததால் அது எனக்குள் இல்லை என்று ஆகிவிடாது. நிறையவே இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலையில், ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே நீ கேட்டாய், "அப்பா, ஞாயித்துக்கெழம வூட்ல இருப்பீங்களா? கொஞ்சம் பேசணும்." இருப்பேன் என்றேன். மறுநாள் உன் பையைத் தேடினேன். கேஸ் சிலிண்டர் புக்கைத் தேடியதாக உன் அம்மாவிடம் சொன்னது பொய். உன் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் தேடினேன். இந்த நாவல் அகப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் பச்சைப் பென்சிலால் கோடு. 'பெற்றவர்கள் என்பதற்காக என் வாழ்க்கையை அவர்கள் கையில் கொடுத்துவிட முடியாது' என்ற வரிக்கு ஒரு கோடு. 'இந்த வீட்டில் என் குரல் எனக்கே கேட்பதில்லை' என்பதற்கு ஒன்று. இன்னும் நாலு பக்கம் தள்ளி, 'அப்பா அழுவார். அழட்டும். அப்போது நான் ரயிலில் இருப்பேன்.' அதற்கு மட்டும் இரட்டைக் கோடு. 'அழட்டும்' என்கிற சொல்லைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. குக்கர் விசில் ஐந்தாறு தரம் அடித்து, உன் அம்மா கத்திய பிறகுதான் எழுந்தேன்.

கதையை நான் படிக்கவில்லை, பிரபு. கோடுகளை மட்டும்தான் படித்தேன். அவை நீ போட்டவை என்று எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

இத்தனைக்கும் என் வேலை என்ன வேலை? அணு ஆராய்ச்சிக் கூடத்தில் அளவுக் கருவிகள் பார்க்கிற வேலை. அங்கே மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று ஒருவன் பார்த்து எழுதினால் செல்லாது. இன்னொருவன் தனியாக வந்து, முதல் ஆளின் தாளைப் பார்க்காமல், தன் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. ஒத்துப்போகாவிட்டால் மீட்டரையே சந்தேகப்பட வேண்டும். முப்பத்தோரு வருஷம் இதைச் செய்தேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளைத் திட்டித் திட்டி இதைச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தரம், என் ஒருவன் கண்ணால் பார்த்துவிட்டு, உன் வாழ்க்கைக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமையே புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கோவளத்துக்குப் பஸ் ஏறினேன். அமலியின் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "நாஸ்தா முடிஞ்சி போச்சு சார்" என்றார். பிரபுவின் அப்பா என்று சொன்னேன். உடனே கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "கூட படிச்ச புள்ளதான? நல்ல மரியாதயான புள்ள சார்." நான் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். "எனுக்குப் படிக்கத் தெரியாது, நீயே படி சார்" என்றார். மூன்று வரியையும் படித்தேன். மூன்றாவது வரிக்கு என் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே உடைந்தது. அவர், "அழட்டும்னா எழுதிகீது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒரு வூட்ட அழ வெச்சி எம் பொண்ணு வாழ வாணாம் சார். நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றார். நான் வந்து போனது பிரபுவுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "வாக்கு சார்" என்றார். எட்டு வருஷமாக அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார். சொந்த மகளிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ என் எதிரில் வந்து உட்கார்ந்தாய். கண் வீங்கியிருந்தது. "என்னமோ பேசணும்னியே" என்று கேட்டேன். அந்த மாதிரி கேட்க எனக்கு நாக்கு எப்படி வந்ததோ. "ஒன்னுமில்லப்பா. விடுங்க" என்றாய். பிறகு அமலியைத் தூத்துக்குடியில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள், அடுத்த வருஷம் அங்கேயே கல்யாணமும் முடிந்தது. இதெல்லாம் உனக்குத் தெரியும். யாரோ அவள் வீட்டில் போய்ப் பேசியிருக்கிறார்கள் என்று மட்டும் உனக்குப் பட்டது. "நீங்க யாரயாவது அனுப்புனீங்களாப்பா?" என்று கேட்டாய். "எனக்கு அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாதேடா" என்றேன். யாரையும் அனுப்பவில்லை என்பது உண்மைதானே என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் நீ உன் சிநேகிதனைச் சந்தேகப்பட்டாய். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்ட பையன். அவனோடு பேச்சை விட்டாய். அவன் ஒரு தரம் வீடு தேடி வந்து, "அங்கிள், நான் ஒன்னும் சொல்லல, நீங்களாச்சும் அவங்கிட்ட சொல்லுங்க" என்று கெஞ்சினான். நான் அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உன் பதினைந்தாவது வயதில் நடந்த ஒன்று சில நாட்களாக என்னைத் தூங்க விடுவதில்லை. அப்போது குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஷிப்டுக்குப் போயிருந்தபோது ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போய், மணலில் சாய்த்து, முன்பக்கத்தை நசுக்கிவிட்டாய். யாரும் பார்க்கவில்லை. கொண்டுவந்து இருந்த இடத்திலேயே நிறுத்தியிருந்தால், பக்கத்து வீட்டுக்காரன் இடித்துவிட்டான் என்று நானே அவனோடு சண்டைக்குப் போயிருப்பேன். நீ அப்படிச் செய்யவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் வந்து நின்றாய். நான் இறங்கியதும், "அப்பா, வண்டிய நான்தான் இடிச்சிட்டேன்" என்றாய். கூட வேலை பார்க்கிறவர்கள் இருபது பேர் பார்க்க உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். நீ எப்போதும் முன்னால் வந்து சொல்கிற பிள்ளை. சொன்னதற்கு அடி வாங்கியும், இருபத்துமூன்று வயதில் மறுபடியும், "ஞாயித்துக்கெழம வூட்ல இருப்பீங்களா" என்று கேட்டாய். அந்தப் பிள்ளை அப்பனை அழவிட்டு ரயில் ஏறுமா என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

படாளத்திலிருந்து திரும்பிய வாரம்தான் பெட்டியைத் திறந்தேன். நாவல் படித்துப் பழக்கமில்லாதவன், மூன்று நாள் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். உன் அம்மா எனக்கு ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பச்சைக் கோடுகள் எல்லாம் முதல் பாதியில். அந்தப் பையன் வீட்டில் சொல்லாமல் ரயில் ஏறிப் போகிறான். அதோடு கதை முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். முடியவில்லை. தன் இஷ்டப்படி வாழ்கிறான், தன்னால் யார் யார் கஷ்டப்பட்டார்கள் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்கிறான், அதற்கெல்லாம் தானே பதில் சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் புரிகிறது. கடைசியில் திரும்பி வந்து அப்பா எதிரில் உட்காருகிறான். 'அன்றைக்குச் சொல்லாமல் போனேன், அதை விடுதலை என்று நினைத்தேன். இன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறேன்' என்கிறான். அந்தப் பக்கத்தில் கோடு இல்லை. ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. எழுத்தெல்லாம் மங்கி வெறும் தாளாகிவிட்டது. நீ படித்து நிறுத்திய இடம் அது. அதைப் படித்துவிட்டுத்தான் என்னிடம் ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறாய்.

அப்போதும் நான் பிடிவாதத்தை விடவில்லை. சரி, முடிவு வேறாக இருக்கலாம், ஆனால் 'அழட்டும்' என்பதற்கு இரட்டைக் கோடு போட்டது நீதானே என்று ஒரு வீம்பு. இந்தப் புத்தகத்தின் பெயராவது தெரியட்டும் என்று, செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் பழைய புத்தகம் போட்டிருக்கிற பாயிடம் எடுத்துக்கொண்டு போனேன். நீ வழக்கமாக வாங்குகிற இடம். அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, மேல் பக்கத்தில் இருந்த பச்சைக் கோட்டைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். "பேரு தெரியாது சார். ஆனா இது நம்மகிட்டருந்து போனதுதான். டீச்சரம்மா லாட்டு" என்றார். எனக்குப் புரியவில்லை. "ரிட்டேரான டீச்சரம்மா ஒருத்தங்க இருந்தாங்க. தவறிட்டாங்க. அவங்க புள்ளைங்க, புக்கெல்லாம் மூட்ட கட்டி இங்க போட்டுட்டாங்க. பச்ச பென்சில் இல்லாம அந்தம்மா படிக்கவே மாட்டாங்க போல. மிச்சம் இன்னும் விக்காம கீது, பாரு" என்று ஒரு அட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

நடைபாதையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒரு சரித்திர நாவல், பச்சைக் கோடு. பயணக் கட்டுரை ஒன்று, பச்சைக் கோடு. கை வைத்தியப் புத்தகத்தில் மலச்சிக்கலுக்குச் சொல்லியிருந்த கஷாயத்துக்கு இரட்டைக் கோடு. அதே பென்சில், ஓரத்தில் கொஞ்சம் வளைந்து முடிகிற அதே கோடு. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. பாய் பயந்துபோய், "இன்னா சார், மயக்கமா? சோடா வாங்கியாரட்டா?" என்று எழுந்தார். 'அப்பா அழுவார், அழட்டும்' என்ற வரியில் அந்த அம்மாள் யாரை நினைத்துக்கொண்டு பென்சிலை அழுத்தினாரோ. முகம் தெரியாத ஒருவருடைய மனத்தை உன் மனம் என்று படித்துவிட்டு, நான் ஒரு பெண்ணை ஊரைவிட்டே அனுப்பிவைத்தேன்.

போன புதன்கிழமை மறுபடி கோவளத்துக்குப் போனேன். அதே கடை, அதே ஸ்டூல். அமலியின் அம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "இன்னா சார், எளச்சிப் போய்ட்ட?" என்று டீ போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்போ அந்தக் கோடு உம் புள்ள போட்டது இல்லியா?" "இல்லம்மா." "அன்னிக்கே அவன ஒரு வார்த்த கேட்டியா சார்?" "கேக்கல." அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார், "நானும் எம் பொண்ண கேக்கல சார். உன் இஷ்டம் இன்னாடின்னு ஒரு வார்த்த கேக்கல." அமலி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ஒரு பெண் குழந்தையாம். "நல்லாகீறா. ஒரு கொறையும் இல்ல. ஆனா எங்கிட்ட எதயும் சொல்ல மாட்டா. நான் எது சொன்னாலும் சரிம்மா, சரிம்மாதான். வாயத் தொறந்து சண்ட போட்டாலும் தேவல சார்."

அங்கிருந்து வீடு வந்து சேருகிற வரை என் காதில் "அவருக்குச் சரின்னா எனக்கும் சரிதாங்க" என்பதுதான் ஓடியது. சாயங்காலம் உன் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். மூன்றாம் நாள்தான் எழுதச் சொன்னாள்.

மன்னித்துவிடு என்று எழுதலாம். எழுதினால் நீ, "விடுங்கப்பா" என்பாய். அந்த வார்த்தையை எனக்குச் சொல்லிவிடாதே. கோபம் வந்தால் கோபப்படு. மாதக் கணக்கில் வராமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் வராமல் இரு. உன் அம்மாவை மட்டும் போனில் கூப்பிடு, நான் சொல்கிற வரை அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. உன் சிநேகிதன் இன்னும் மறைமலைநகரில்தான் இருக்கிறான். அவன் மேல் தப்பில்லை என்று இப்போது உனக்குத் தெரியும். அவனிடம் போ. அமலிக்கு என்ன சொல்வது, எதுவும் சொல்லாமல் இருப்பதா என்பது உன் யோசனை. அவள் நிம்மதிக்கு இடைஞ்சல் வராமல் நீ பார்த்துக்கொள்வாய். என்னைவிட உனக்கு அது தெரியும்.

படாளத்துப் பெண் இருக்கிறாள். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நான் போய் அவர்களிடம் பேசி நிறுத்திவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். சட்டைகூட மாட்டிவிட்டேன். பிறகு கழற்றி ஆணியில் மாட்டினேன். ஒரு தரம் ஒரு பெண் வீட்டுக்கு உனக்குத் தெரியாமல் போய்ப் பேசியது போதும். அந்தப் பெண் உன்னைக் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை, பிரபு. எனக்காகச் சரி என்று சொன்னாயானால் அவளுக்கு நீ செய்கிற அநியாயம், நான் அமலிக்குச் செய்ததைவிடக் குறைந்ததாக இருக்காது. வேண்டும் என்றால் வேண்டும் என்று உன் வாயால் சொல். வேண்டாம் என்றாலும் நீயே போய், அவள் முகத்தைப் பார்த்துச் சொல். ஊர் என்ன பேசும், சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்பதை என்னிடம் விட்டுவிடு. பேச்சு வாங்க எனக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது.

நாளைக்குக் காலை ரயிலில் வந்து, இதை உன் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். மேலே ஏறி வரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன். அன்றைக்கு மட்டும் இல்லை, எல்லா ஞாயிறும் இருப்பேன்.

புத்தகத்தைக் கட்டுவதற்கு முன்னால், உனக்காக ஒரு வரிக்குக் கோடு போடலாம் என்று நினைத்து உன் அம்மாவின் கோலப் புத்தகத்திலிருந்து பென்சிலை எடுத்தேன். அந்தப் பையன் அப்பா எதிரில் உட்காருகிற பக்கம். டிக்கெட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பென்சிலைத் தாளில் வைத்தும் விட்டேன். ஒரு புள்ளி விழுந்தது. அதோடு எடுத்துவிட்டேன். அந்தப் புள்ளியை மட்டும் அழித்துவிட்டு, நீயே படி.

அப்பா